ரேம் காலி பண்ற மென்பொருளை வீட்டு கம்ப்யூட்டர்ல போடலாமா? (4 ஜிபி, விண்டோஸ் 10)

குடியாத்தம் | 3 மே 2025, இரவு 9.15

வீட்டு கம்ப்யூட்டர். ரேம் 4 ஜிபி, ஒரே ஸ்டிக். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10, 64 பிட். கணக்கு எழுத டேலி, குரோம்ல பத்துப் பன்னெண்டு டேப், ஒரு பிரிண்டர், இவ்வளவுதான் வேலை. டாஸ்க் மேனேஜர்ல மெமரி 85 சதவீதத்துக்குக் கீழ இறங்கறதே இல்ல. ரேமைக் காலி பண்ற மென்பொருள்ல ஒரு க்ளிக் பண்ணா 50க்கு வந்துடுது. அதனால இது வேலை செய்யுதுன்னுதான் சொல்லுவேன். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை தானா ஓடற மாதிரி வெச்சுடலாமா? எப்படி செட் பண்றது?

காட்பாடி ஜங்ஷன் | 3 மே 2025, இரவு 10.02

வெக்காதீங்க. சதவீதம் இறங்கறது வேற, கம்ப்யூட்டர் வேகமாறது வேற.

அந்த பட்டன் என்ன பண்ணுதுன்னு பாருங்க. ஓடிட்டு இருக்கற ஒவ்வொரு மென்பொருளும் ரேம்ல பிடிச்சு வெச்சிருக்கற பக்கங்களுக்கு (பக்கம்னா ரேமோட ஒரு சின்னத் துண்டு) வொர்க்கிங் செட்னு பேரு. காலி பண்ற மென்பொருள், எல்லாத்தோட வொர்க்கிங் செட்டையும் பிடுங்கச் சொல்லி விண்டோஸ்கிட்ட கேக்குது, அதுவும் பிடுங்கிடுது. உள்ளடக்கம் மாறாத பக்கம் ஸ்டேண்ட்பை (காத்திருப்பு) பட்டியலுக்குப் போகும். மாறின பக்கம் மாடிஃபைடு பட்டியலுக்குப் போய், அங்கிருந்து பேஜ் ஃபைல்ல, அதாவது உங்க ஹார்ட் டிஸ்க்ல எழுதப்படும். ஸ்டேண்ட்பையில இருக்கறதை டாஸ்க் மேனேஜர் 'கிடைக்கும் இடம்'னு கணக்கு வெக்குது. அதனாலதான் 85 போய் 50 ஆகுது. சமையல் மேடையில இருக்கற டப்பாவை எல்லாம் பரண்ல ஏத்திட்டு மேடை காலின்னு சொல்ற மாதிரி. அடுத்த நிமிஷம் குழம்பு வெக்க ஏணி போட்டு ஏறணும்.

இந்த ஏணிதான் உங்க கம்ப்யூட்டர்ல பிரச்சனை. ரேம்ல இருந்து ஒரு பக்கம் எடுக்க நூறு நானோ செகண்ட் அளவுதான் ஆகும். சுத்தற ஹார்ட் டிஸ்க்ல தலை நகர்ந்து இடத்தைத் தேடி எடுக்க பத்து மில்லி செகண்ட் ஆகும். லட்சம் மடங்கு வித்தியாசம். ஒரு செகண்டுக்கு நூறு தடவைதான் அதால அங்க இங்க ஓட முடியும். பக்கம் ஒண்ணு 4 கேபி. கணக்குப் போட்டா செகண்டுக்கு 400 கேபி. டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100 சதவீதம்னு காட்டும், படிக்கிற வேகம் பார்த்தா 1 எம்பி கூட இருக்காது. விண்டோஸ் பக்கத்துல இருக்கற பக்கங்களையும் சேர்த்து அள்ளும், அதனால நிஜத்துல இன்னும் கொஞ்சம் கூடும். ஆனா நிலைமை இதுதான்.

முதல்ல அளந்து சொல்லுங்க. வழக்கமா திறக்கற எல்லாத்தையும் திறந்து வெச்சுட்டு:

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. பெர்ஃபார்மன்ஸ், அப்புறம் மெமரி. 'கமிட்டட்'ங்கற இடத்துல ரெண்டு எண் இருக்கும், ரெண்டுமே வேணும். 'நான்-பேஜ்டு பூல்' எவ்வளவு? 'ஹார்ட்வேர் ரிசர்வ்டு' எவ்வளவு? ஸ்லாட் எத்தனைல எத்தனை நிரம்பி இருக்கு, ஸ்பீடு என்ன? அதே ஜன்னல்ல சிபியு பக்கம் போய் 'அப் டைம்' பாருங்க. கீழ ரிசோர்ஸ் மானிட்டர்னு ஒரு இணைப்பு இருக்கும். அதுல மெமரி தாவல்ல 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' வரைபடம் (செகண்டுக்கு எத்தனை தடவை டிஸ்குக்குப் போய் பக்கம் எடுக்குதுங்கற கணக்கு), டேப் மாத்தும்போது எவ்வளவு ஏறுது?

வாலாஜா ரோடு | 4 மே 2025, காலை 6.50

மேலே சொன்னதில் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஸ்டேண்ட்பைக்குப் போன பக்கம் இன்னும் ரேமில்தான் இருக்கிறது. அந்த மென்பொருள் அதை மறுபடி கேட்டால் டிஸ்குக்குப் போகாமல் அப்படியே திருப்பித் தரப்படும். இதற்கு ஆகும் நேரம் மைக்ரோ செகண்டுகளில்தான். எனவே பிடுங்கிய எல்லாமே பரணுக்குப் போவதில்லை. உண்மையான சேதம் இரண்டு இடங்களில் நடக்கிறது. ஒன்று, மாறிய பக்கங்கள் டிஸ்கில் எழுதப்பட்டு, அந்த இடம் வேறு வேலைக்குப் போய்விடுவது. மற்றொன்று, பல மென்பொருள்களில் 'ஸ்டேண்ட்பையையும் காலி செய்' என்றொரு டிக் இருக்கிறது. அதைப் போட்டால் படித்து வைத்த கோப்புகள் எல்லாம் ரேமிலிருந்து தூக்கி எறியப்படும். டேலியை மறுபடி திறந்தால் முழுவதும் டிஸ்கிலிருந்தே வரவேண்டும்.

சோதித்துப் பார்க்க மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ரேம்மேப் போதும். இன்ஸ்டால் வேண்டாம், அட்மினாகத் திறந்தால் சரி. 'எம்ப்டி' மெனுவில் வொர்க்கிங் செட், மாடிஃபைடு, ஸ்டேண்ட்பை எல்லாம் தனித்தனியாக இருக்கும். ஒவ்வொன்றாக அழுத்தி, அழுத்திய பிறகு குரோம் எவ்வளவு நேரத்தில் மீள்கிறது என்று பாருங்கள். எது வலிக்கிறது என்பது கையோடு தெரிந்துவிடும்.

காட்பாடி ஜங்ஷன் | 4 மே 2025, காலை 7.20

சரியான திருத்தம் சார். 4 ஜிபில மாடிஃபைடு எழுதறதுதான் முதல் எதிரி.

குடியாத்தம் | 4 மே 2025, பகல் 1.40

கமிட்டட் 6.8 / 7.9 ஜிபி. நான்-பேஜ்டு பூல் 1.1 ஜிபி. ஹார்ட்வேர் ரிசர்வ்டு 110 எம்பி. ஸ்லாட் 2ல 1. ஸ்பீடு 1600. டேப் மாத்தினா ஹார்ட் ஃபால்ட் 150ல இருந்து 300 வரைக்கும் போவுது. அப் டைம் 19 நாள்னு காட்டுது. ஆனா தினமும் ராத்திரி ஷட் டவுன் பண்ணிட்டுத்தான் படுக்கறோம்ணா, அது எப்படி?

காட்பாடி ஜங்ஷன் | 4 மே 2025, இரவு 8.30

அந்த 19 நாளும் 1.1 ஜிபியும் ஒரே விஷயம்.

விண்டோஸ் 10ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு வழக்கமாவே போட்டிருக்கும். ஷட் டவுன் கொடுத்தா உங்க மென்பொருள்களை மட்டும் மூடிட்டு, கெர்னலையும் (விண்டோஸோட மையப் பகுதி) டிரைவர்களையும் (கருவிகளை இயக்கற நிரல்கள்) அப்படியே டிஸ்க்ல எழுதி வெச்சுட்டுத் தூங்கும். காலைல அதையே திரும்ப ஏத்தும். ஒரு டிரைவர் நான்-பேஜ்டு பூல்ல இடம் வாங்கிட்டுத் திருப்பிக் கொடுக்காம இருந்தா, அது நாளுக்கு நாள் சேர்ந்துட்டே போகும், ஷட் டவுன் பண்ணாலும் போகாது. பேருலயே இருக்கற மாதிரி இதை டிஸ்குக்கும் தள்ள முடியாது. 4 ஜிபில 1.1 அப்படிப் போனா மிச்சம் 3 கூட இல்ல. எந்தக் காலி பண்ற மென்பொருளும் இதைத் தொடாது. வொர்க்கிங் செட்ல இது கிடையாது.

இப்பவே ஷட் டவுன் இல்லாம 'ரீஸ்டார்ட்' கொடுங்க. ரீஸ்டார்ட் எப்பவும் முழுசா இறக்கி ஏத்தும். அப்புறம் கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், 'பவர் பட்டன் என்ன செய்யணும்'ங்கற இடத்துக்குப் போய், மேல இருக்கற 'இப்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்று'வை அழுத்தினாத்தான் கீழ இருக்கற டிக் திறக்கும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துட்டு சேவ் பண்ணுங்க. ஹார்ட் டிஸ்க்ல காலைல ஏற நேரம் கூடும், பொறுத்துக்கலாம்.

பூல் மறுபடி ஏறுதான்னு ஒரு வாரம் பாருங்க. ஏறினா நெட்வொர்க் டிரைவர், பிரிண்டர் டிரைவர், ஆன்டிவைரஸ், இந்த வரிசைல சந்தேகப்படுங்க. கம்ப்யூட்டர் தயாரிச்சவங்க தளத்துல இருந்து டிரைவரைப் புதுசு பண்ணணும்.

ஆம்பூர் | 4 மே 2025, இரவு 11.10

இவ்வளவு எதுக்கு? சர்வீசஸ் போய் சிஸ்மெயின் ஆஃப் பண்ணுங்க, பேஜ் ஃபைலை 'நோ பேஜிங் ஃபைல்'னு வெச்சுடுங்க. டிஸ்குக்கே போகாது, பறக்கும்.

வாலாஜா ரோடு | 5 மே 2025, காலை 6.30

இரண்டுமே 4 ஜிபி எந்திரத்துக்கு ஆகாது. அவருடைய எண்களை வைத்தே பாருங்கள். கமிட்டட் 6.8 / 7.9 என்றால், மென்பொருள்களுக்கு வாக்களித்த இடம் 6.8 ஜிபி, மொத்த வரம்பு 7.9 ஜிபி. வரம்பு என்பது ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்தது. பேஜ் ஃபைலை எடுத்தால் வரம்பு 4 ஜிபிக்கும் கீழே போய்விடும். 6.8 கேட்கும் மென்பொருள்கள் அதில் எப்படி அடங்கும்? ரேமில் இடம் இருப்பது போலத் தெரிந்தாலும் குரோம் டேப் உடையும், டேலி பாதியில் மூடிக்கொள்ளும். கணக்கு எழுதும் எந்திரத்தில் இதைச் செய்யவே கூடாது.

தானியங்கியாக விட்டால் பேஜ் ஃபைல் ரேமைப் போல மூன்று மடங்கு அல்லது 4 ஜிபி, இரண்டில் எது பெரிதோ அதுவரை வளரும். ஆனால் அந்த டிரைவின் மொத்த அளவில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாது. சி டிரைவ் 100 ஜிபி என்றால் 12 ஜிபி வரை போகலாம். அதற்கு சி-யில் காலி இடமும் இருக்க வேண்டும்.

சிஸ்மெயின் பழைய சூப்பர்ஃபெட்ச்தான். விண்டோஸ் 10இல் நினைவகச் சுருக்கமும் அதோடுதான் ஓடுகிறது. அதாவது பயன்படாத பக்கங்களை டிஸ்குக்கு அனுப்பும் முன் ரேமுக்குள்ளேயே சுருக்கி வைப்பது. டாஸ்க் மேனேஜரில் 'இன் யூஸ்' பக்கத்தில் அடைப்புக்குள் 'கம்ப்ரெஸ்டு' என்று வருவது அதுதான். குறைந்த ரேமுக்கு விண்டோஸிலேயே இருக்கும் நல்ல உதவி அது. அதையா அணைப்பது?

ஆம்பூர் | 5 மே 2025, காலை 9.05

எங்க பக்கம் எல்லாரும் அணைக்கறாங்க சார், டிஸ்க் 100 சதவீதம் குறையுதுன்னு.

காட்பாடி ஜங்ஷன் | 5 மே 2025, காலை 9.40

ஏத்தின முதல் பத்து நிமிஷம் குறையும், உண்மைதான் தம்பி. அது முன்கூட்டியே படிச்சு வெக்கற வேலை நின்னதால. அப்புறம் நாள் முழுக்க அதுக்கு வட்டி கட்டணும்.

வேலூர் கன்டோன்மென்ட் | 11 மே 2025, மாலை 5.25

என்னோடது 16 ஜிபி, எஸ்எஸ்டி, தனி கிராஃபிக்ஸ் கார்டு. கேம் ஓடும்போது ஒரு மணி நேரம் கழிச்சு சட்டுனு ஒரு திக்கல். ஃப்ரீ 100 எம்பிக்குப் போயிடுது, ஸ்டேண்ட்பை 8 ஜிபி. இதுக்காவது அந்த மென்பொருள் உதவுமா?

காட்பாடி ஜங்ஷன் | 11 மே 2025, இரவு 9.00

உங்க கேஸ் வேற. ஸ்டேண்ட்பை 8 ஜிபி இருக்கறது தப்பே இல்ல, கேட்டா விண்டோஸ் உடனே கொடுக்கணும். ஆனா விண்டோஸ் 10ஓட சில பதிப்புகள்ல கேம் பெரிய இடத்தைச் சட்டுனு கேக்கும்போது அந்தக் கைமாத்தல்ல திக்கல் வந்துச்சு. அதுக்குன்னே எழுதினதுதான் வாக்நார்டுசாஃப்டோட இன்டெலிஜென்ட் ஸ்டேண்ட்பை லிஸ்ட் கிளீனர். இதுல ரெண்டு நிபந்தனை: ஸ்டேண்ட்பை இவ்வளவுக்கு மேல போகணும், அதே நேரம் ஃப்ரீ இவ்வளவுக்குக் கீழ இறங்கணும். ரெண்டும் சேர்ந்து நடந்தாத்தான் காலி பண்ணும். நீங்க ரெண்டுலயும் 1024 எம்பி போட்டுப் பாருங்க.

மெம் ரிடக்ட்னு இன்னொரு காலி பண்ற மென்பொருள் இருக்கு, அது பிடிச்சிருந்தா அதையே வெச்சுக்கலாம், இதுவும் இலவசம், மூல நிரலும் திறந்தது. அமைப்பு முறை:

அட்மினா திறங்க, இல்லன்னா ஒண்ணும் பண்ணாது. செட்டிங்ஸ்ல மெமரி பகுதிக்குப் போங்க. 'குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை' டிக் வேண்டவே வேண்டாம். 'இத்தனை சதவீதத்துக்கு மேல போனா' டிக் மட்டும் போட்டு 90 கொடுங்க. எதைக் காலி பண்ணணும்ங்கற பட்டியல்ல வொர்க்கிங் செட், மாடிஃபைடு ரெண்டு டிக்கையும் எடுங்க. முன்னுரிமை இல்லாத ஸ்டேண்ட்பையை மட்டும் விடுங்க. அது விண்டோஸே கடைசி மதிப்பு கொடுத்து ஒதுக்கின பக்கம், போனா நஷ்டம் கம்மி. முழு ஸ்டேண்ட்பையைத் தானியங்கில போட்டா காலி பண்ற அந்த நொடியிலயே கம்ப்யூட்டர் உறையும். திக்கலுக்கு மருந்து தேடிப் போய் இன்னொரு திக்கல்.

90க்குக் கீழ, 70, 60னு வெக்காதீங்க. ஒரு கேம் திறந்தாலே 60 தாண்டும். காலி பண்ணும், மறுபடி ஏறும், மறுபடி காலி பண்ணும், நிக்கவே நிக்காது.

வாலாஜா ரோடு | 12 மே 2025, காலை 6.45

எந்த மென்பொருளானாலும் எழுதியவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் மேலே வரும் 'இலவசப் பதிவிறக்க' தளங்கள் கூடவே வேறு எதையாவது ஒட்டி அனுப்பும். புகழ்பெற்றது என்பதாலும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. 2017இல் சிசிகிளீனர் 5.33 பதிப்பின் அதிகாரபூர்வ கோப்பிலேயே தீநிரல் புகுத்தப்பட்டிருந்தது.

'ரேமை இரட்டிப்பாக்கும்' என்று எவனாவது விற்றால் கிட்டே போகாதீர்கள். இந்த வியாபாரம் பழையது. 1995இல் சிங்க்ரோனிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் சாஃப்ட்ரேம்95 என்று ஒன்றை விற்றது. பிரித்துப் பார்த்தபோது அதில் சுருக்கும் வேலையே நடக்கவில்லை. அங்குள்ள கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அதன் மீது நடவடிக்கை எடுத்தது. டாஸ் காலத்தில் 640 கேபிக்குள் இடம் பிடிக்க மெம்மேக்கர் போன்றவை உண்மையாகவே உதவின. அப்போது நினைவகத்தை நிர்வகிக்க வேறு ஆள் இல்லை. இன்று அந்த வேலையை விண்டோஸே செய்கிறது.

குடியாத்தம் | 18 மே 2025, இரவு 9.30

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் எடுத்தாச்சு. பூல் 240 எம்பில நிக்குது, ஏறலை. டேப் மாத்தினா ஹார்ட் ஃபால்ட் 40, 60. மெமரி இப்ப 72 சதவீதம். ஆனா மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல இன்னும் ஆமை மாதிரிதான் ஓடுது. ராத்திரி பரவாயில்லை.

காட்பாடி ஜங்ஷன் | 18 மே 2025, இரவு 10.15

மத்தியானம் மட்டும்னா ரேம் இல்ல, சூடு. அக்னி நட்சத்திரம் நடக்குது, நம்ம ஊர்ல வெளிய 40 தாண்டினா கதவு சாத்தின ரூம்லயும் சூடு இறங்காது. சிபியு தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்கும். டாஸ்க் மேனேஜர் சிபியு பக்கத்துல 'பேஸ் ஸ்பீடு' ஒண்ணு, மேல 'ஸ்பீடு' ஒண்ணு இருக்கும். வேலை முழுசா ஓடும்போது ஸ்பீடு பேஸை விட ரொம்பக் கீழ இருந்தா இதுதான். கேபினட்டைத் திறந்து, ஃபேன் இறக்கை சுத்தாம விரலால பிடிச்சுட்டு, ஹீட் சிங்க் இடுக்குல இருக்கற தூசியை ஊதி எடுங்க. சிபியு மேல இருக்கற பேஸ்ட் காய்ஞ்சு மண்ணாயிருந்தா துடைச்சுட்டு பட்டாணி அளவு புதுசு வெச்சு மூடுங்க.

திறக்கறதோட ரேம் வேலையையும் முடிச்சுடலாம். ஸ்பீடு 1600னா உங்களோடது டிடிஆர்3. ஸ்லாட் ஒண்ணு காலியா இருக்கு. டெஸ்க்டாப்னா 240 பின் இருக்கற நீள ஸ்டிக், லேப்டாப்னா 204 பின் இருக்கற குட்டை ஸ்டிக். லேப்டாப்ல இன்னொரு கவனம்: பழைய ஸ்டிக்ல '3எல்'னு போட்டிருந்தா அது 1.35 வோல்ட். 1.5 வோல்ட் மட்டும் ஏத்துக்கற சாதா டிடிஆர்3யை அங்க போட்டா ஆன் ஆகாம போகலாம். டிடிஆர்4 இதுல உக்காரவே உக்காராது, வெட்டு இருக்கற இடமே வேற. அழுத்தி உள்ள திணிக்காதீங்க.

4ம் 4ம் ஜோடியாச்சுன்னா ரெண்டு சேனல்லயும், அதாவது ரேமுக்குப் போற ரெண்டு வழியிலயும், ஒரே நேரத்துல ஓடும், போர்டுலயே இருக்கற கிராஃபிக்ஸுக்கும் நல்லது.

மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கிட்டு பவர் பட்டனை அஞ்சு செகண்ட் அழுத்திப் பிடிங்க. இந்த வறண்ட காத்துல உடம்புல நிலை மின்சாரம் சேரும். கேபினட்டோட பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுட்டு ஸ்டிக்கைத் தொடுங்க, தங்க நிறப் பல்லுல விரல் படக் கூடாது. ரெண்டு பக்கக் கொக்கியும் தானா 'டக்'குனு மூடற வரைக்கும் அழுத்தணும்.

வாலாஜா ரோடு | 19 மே 2025, காலை 7.00

ரேமோடு நிறுத்தாமல் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்றும் போடுங்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் என் வாக்கு எஸ்எஸ்டிக்கு. பேஜ் ஃபைலுக்குப் போய் வரும் நேரம் ஏறக்குறைய நூறு மடங்கு வரை சுருங்கிவிடும். விண்டோஸையும் பேஜ் ஃபைலையும் அதில் வைத்து, பழைய டிஸ்கைக் கோப்புகளுக்கு விடலாம். டேலி தரவைத் தனியாகப் பிரதி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். கரண்ட் போகும் ஊர், யுபிஎஸ் இல்லாமல் டிஸ்கைப் பிரதி எடுக்க உட்காராதீர்கள்.

காசு செலவில்லாத இரண்டு: குரோமில் செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸ் போய் மெமரி சேவரைப் போடுங்கள், பார்க்காத டேப்பின் இடத்தை அதுவே விடும். சிஸ்டம் பகுதியில் 'குரோமை மூடிய பிறகும் பின்னணியில் ஓடு' என்பதை அணையுங்கள். எட்ஜில் 'ஸ்டார்ட்அப் பூஸ்ட்' என்பதையும் அப்படியே. நேரத்துக்கு ஒருமுறை காலி செய்யும் மென்பொருளை விட இவை பல மடங்கு மேல். எதை விடலாம் என்று பிரவுசருக்குத் தெரியும், வெளியிலிருந்து பிடுங்குபவருக்குத் தெரியாது.

ஆம்பூர் | 16 அக்டோபர் 2025, இரவு 8.10

விண்டோஸ் 10க்கு 14ஆம் தேதியோட ஆதரவு முடிஞ்சுது. பழைய 4 ஜிபி லேப்டாப் ஒண்ணு இருக்கு. விண்டோஸ் 11க்குத் தேவையான டிபிஎம் (பாதுகாப்பு சிப்) இல்லன்னு சொல்லுது.

காட்பாடி ஜங்ஷன் | 16 அக்டோபர் 2025, இரவு 9.45

வீட்டு உபயோகக் கம்ப்யூட்டருக்குன்னு மைக்ரோசாஃப்ட் வெச்சிருக்கற நீட்டிச்ச பாதுகாப்புத் திட்டத்துல பதிவு பண்ணா 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வரும். டேலி ஓடற கம்ப்யூட்டருக்கு அதைப் பண்ணுங்க. பிரவுசர் மட்டும்தான்னா விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 4 ஜிபில நல்லாவே ஓடும். அதுல பயன்படாத பக்கங்களை ரேமுக்குள்ளயே சுருக்கி வெக்கற இசட்-ரேம் கருவியைப் போட்டு, அளவு ரேம்ல 50 சதவீதம், சுருக்கு முறை எல்இசட்4னு கொடுங்க. ஸ்வாப்பினஸ், அதாவது ஸ்வாப்புக்கு (லினக்ஸோட பேஜ் ஃபைல் மாதிரி) எவ்வளவு சீக்கிரம் தள்றதுங்கற எண், வழக்கமா 60 இருக்கும், 100க்கு ஏத்துங்க. டிஸ்குக்கு ஸ்வாப் போகும்போதுதான் அந்த எண்ணைக் குறைக்கச் சொல்லுவாங்க, ரேமுக்குள்ளயே சுருக்கும்போது ஏத்தறதுதான் சரி.

குடியாத்தம் | 6 டிசம்பர் 2025, மாலை 6.20

எஸ்எஸ்டி அப்பவே போட்டாச்சு, டேலி நல்லா திறக்குது. ரேமைத் தள்ளிப் போட்டிருந்தோம். இப்ப விலை கேட்டா தலை சுத்துது. மைக்ரான் தன்னோட குரூசியல் பேர்ல வீட்டு ரேம் விக்கறதையே நிறுத்தப் போறதா இந்த வாரம் அறிவிச்சிருக்காங்க. பழைய டிடிஆர்3 செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாமா?

காட்பாடி ஜங்ஷன் | 6 டிசம்பர் 2025, இரவு 9.10

டிடிஆர்3க்கு செகண்ட் ஹேண்ட்தான் வழி, புது ஃபேக்டரி சரக்கை எதிர்பார்க்காதீங்க. ரிச்சி ஸ்ட்ரீட் வரைக்கும் போனாலும் பெரும்பாலும் கழட்டின ஸ்டிக்தான் கைக்கு வரும். ஒரு வாரம் மாத்திக் கொடுக்கற பேச்சு இருந்தா மட்டும் வாங்குங்க.

மாட்டின உடனே கணக்கு எழுத உக்காராதீங்க. ஸ்டார்ட்ல 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்'னு தேடி ரீஸ்டார்ட் கொடுங்க. நீலத் திரை வந்ததும் எஃப்1 அழுத்தி, 'ஸ்டாண்டர்டு'ல இருந்து 'எக்ஸ்டெண்டடு'க்கு மாத்திட்டு எஃப்10. ராத்திரி பூரா ஓடட்டும். முடிஞ்சு விண்டோஸ் ஏறினதும் மூலையில ஒரு அறிவிப்பு வந்துட்டுப் போயிடும். அதைத் தவற விட்டா ஈவென்ட் வியூவர், விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் போய் 'மெமரி டயக்னாஸ்டிக்ஸ் ரிசல்ட்ஸ்'ங்கற மூலத்தைத் தேடுங்க. ஒரே ஒரு பிழை காட்டினாலும் பழைய ஸ்டிக்கைக் கழட்டிட்டு புதுசை மட்டும் வெச்சு மறுபடி ஓட்டுங்க. அப்பவும் பிழை வந்தா அதே ஸ்டிக்கை அடுத்த ஸ்லாட்ல மாத்திப் பாருங்க. ரெண்டு ஸ்லாட்லயும் வந்தா ஸ்டிக் கெட்டது, கடைக்குத் திருப்பிக் கொடுங்க. ஒரு ஸ்லாட்ல மட்டும் வந்தா கோளாறு போர்டுல இருக்கு.